சீனிவிளாகத்துச் சீனர்கள்

சுவாமிதாஸ் சீனரானது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் எழுந்தபோது அவர் ஓய்வுபெற்ற பட்டாள டிரைவர், சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர், முட்டுவலிக்காரர், அவ்வளவுதான். மத்தியானக் கஞ்சிக்கு முன்னால் அவர் சீனக் குடியேறிகளின் வழித்தோன்றல் என்று ஒரு ஆணையம் கண்டுபிடித்து, சீல் வைத்து, போட்டோவும் எடுத்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் அவர் செய்த காரியம் மரச்சீனிச் செடியின் மூட்டுக்கு மண் அணைத்தது ஒன்றுதான்.

பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குப் போகிற கிளைரோட்டில் இருக்கிறது சீனிவிளாகம். சீனி என்றால் எங்கள் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு. கொஞ்சம் வடக்கே போனால் கப்பை என்பார்கள், தமிழ்நாட்டுக்குள் தள்ளிப் போனால் மரவள்ளி என்பார்கள். விளாகம் என்றால் மரமும் செடியும் வைத்த நிலம். சீனி விளைகிற விளாகம், சீனிவிளாகம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் முதியோர் நினைவுக் காப்பு ஆணையத்துக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஆணையம் வெகு வடக்கே ஒரு குளிர்ந்த அறையில் இந்தியில் யோசித்துக்கொண்டிருந்தது. இந்தியில் சீனி என்றால் சர்க்கரை; சீனாக்காரன் என்றும் பொருள் உண்டு. இரண்டில் எது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். சர்க்கரைக்கு ஏற்கெனவே வேறு இலாகா இருந்ததால் சீனாக்காரன் என்று முடிவாயிற்று. விளாகம் என்பது வில்லேஜ் என்ற சொல்லின் எழுத்துப்பிழை என்று அதே கூட்டத்தில் திருத்தியும் வைத்தார்கள். இப்படியாக, யாருமே அறியாத ஒரு தொன்மையான சீனக் குடியிருப்பு கேரளத்தின் தெற்கு ஓரத்தில், சதாசிவனின் சாயாக்கடைக்கு எதிரே முளைத்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஆணையத்தின் தென்முனை இயக்குநர் டாக்டர் உண்ணி. கண்ணாடியை நெற்றிமேல் வைத்திருந்தார். வரலாற்றைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படுவதில்லை. பின்னாலேயே ஆய்வு உதவியாளர் லிஜி, நெய்யாற்றின்கரைக்காரி, தோளில் பையும் கையில் மைக்குமாக வந்தாள்.

“எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்?” என்று டாக்டர் உண்ணி கேட்டார்.

“எனக்க அப்பனுக்க அப்பன் காலத்திலிருந்தே இஞ்சதான் ஆக்கும்.”

“அதற்கு முன்னால்?”

“அது அறிஞ்சூடாது சாரே.”

டாக்டர் உண்ணியின் கண் கலங்கியது. “எழுதிக்கொள் லிஜி. வேரறுந்தவனின் மௌனம்.”

“சாரே, ஒரு காரியம்,” என்று சுவாமிதாஸ் கையிலிருந்த கிழங்கை நீட்டினார். அவர் வடக்கே லாரி ஓட்டியவர், இந்தி தெரியும், தப்பு எங்கே நடந்தது என்று சட்டென்று பிடித்துவிட்டார். “சீனின்னா இது. கிழங்கு. சீனாவுக்கும் எங்களுக்கும் ஒரு ஒறவும் இல்ல.”

டாக்டர் உண்ணி கிழங்கைத் தொடவில்லை. “பார்த்தாயா லிஜி? புலம்பெயர்ந்த சமூகங்கள் முதலில் மறுக்கும். இது முதல் நிலை. அடுத்த நிலையில் கோபம் வரும்.”

“கோவம் ஒண்ணும் இல்ல சாரே, ஒள்ளதச் சொல்லுதேன்!”

“வந்துவிட்டது,” என்றார் டாக்டர் உண்ணி, திருப்தியாக.

சுவாமிதாஸ் அப்போதே துரத்தியிருப்பார். மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்குள் லிஜியின் மைக்கைப் பார்த்துவிட்டார். அணிலுக்கு ஸ்வெட்டர் போட்டதுபோல் ரோமம் மூடிய மைக். அதைப் பார்த்ததும் அவர் மனசுக்குள் ஒரு ஆசை எழும்பி உட்கார்ந்துகொண்டது.

ஆசை இதுதான். அவர் எல்லையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஊரில் அவர் மனைவி ரத்னபாய்க்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. மேபல் என்று பெயர். ஒரு வயது நிறையுமுன்னே காய்ச்சலில் போய்விட்டது. போட்டோ கிடையாது, நெய்யாற்றின்கரை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் எடுக்கலாம், மழை விடட்டும் என்று இருந்தார்கள். லீவு கிடைத்து சுவாமிதாஸ் வந்து சேர்ந்தபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது. ரத்னபாய் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “பாக்க வராத ஆளுக்கு கேக்கதுக்கும் ஒண்ணும் இல்ல.” அதோடு சரி. வேறு பிள்ளை பிறக்கவில்லை. மேபலைப் பற்றி அவளும் பேசவில்லை, அவருக்கும் கேட்க நாக்கு எழும்பவில்லை. தன் பிள்ளை கறுப்பா வெளுப்பா, யாருடைய சாயல், சிரித்தால் எப்படி இருக்கும் என்று ஒன்றும் தெரியாமலே கிழவராகிவிட்டார். உலகத்தில் மேபல் மிச்சமிருந்த ஒரே இடம் ரத்னபாயின் தலைக்குள்.

அந்தத் தலையோ இப்போது காலியாகிக்கொண்டு வந்தது. அடுப்பை மறந்தாள், ஞாயிற்றுக்கிழமையை மறந்தாள், கடைசியில் புருஷனையும் மறந்தாள். அவரைக் கரண்ட் ஆபீசிலிருந்து மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று வைத்துக்கொண்டாள். மரியாதைக்குக் குறைவில்லை, “மீட்டர் பாத்தாச்சா?” என்று கேட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுப்பாள். பழைய கோபத்தையும் மறந்துவிட்டாள். நல்லதுதான். ஆனால் மீட்டர் பார்க்க வந்தவனிடம் எவளாவது செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவாளா?

மைக் பிடித்த ஒரு பெண்ணிடம் பேசலாம் அல்லவா?

“வீட்டுல எனக்க ஆள் இருக்கா மக்கா,” என்று சுவாமிதாஸ் லிஜியிடம் சொன்னார். “அவகிட்ட பேசிப் பாரு. சீனாக்காரிதான்னு வச்சுக்க.”

ஆணையத்தின் விதிப்படி பதிவு நடக்கும்போது குடும்பத்தார் அறைக்குள் இருக்கக்கூடாது. குடும்பம் பக்கத்தில் இருந்தால் நினைவு மாசுபடும் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்திருக்கிறார்களாம். சுவாமிதாஸை முற்றத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவர் பப்பாளி மரத்தடியில் நின்றார். உள்ளே ரத்னபாயின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் ஒரு தடவை அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கல்யாணத்துக்குப் பிந்திய ஒரு மாசம் மட்டும் கேட்டிருக்கிறார்.

லிஜி வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினாள். “சீனா வரவே இல்ல அங்கிள். முழுக்க ஒரு குழந்தைக்க காரியம். மேபலோ என்னவோ.”

சுவாமிதாஸ் பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பதிவ எனக்குத் தா மக்கா. ஒரு தடவ கேட்டாப் போரும்.”

“அது சாருக்க கையிலயாக்கும்.”

டாக்டர் உண்ணி அன்போடு அவர் தோளில் கை வைத்தார். “உங்கள் மனைவியின் நினைவு இப்போது உங்கள் மனைவியுடையது அல்ல. ஆணையத்தின் சொத்து. திட்டம் வெற்றிகரமாக முடிந்தால், நிறைவு விழாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பென்டிரைவ் உண்டு. வெற்றி உங்கள் ஒத்துழைப்பைப் பொறுத்தது, மிஸ்டர் சுவா.”

அன்றையிலிருந்து சுவாமிதாஸ் ஒத்துழைத்தார். சீனிவிளாகத்தில் அவரைப்போல் மனப்பூர்வமான சீனர் வேறு யாருமில்லை.

சாயாக்கடை சதாசிவன் இருந்தான்; அவன் விஷயம் வேறு. அவன் பழம்பொரி பொரிக்கிற சீனச்சட்டியைத்தான் ஆணையம் முதல் ஆதாரமாகக் கைப்பற்றியது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் எண்ணெயோடு எடுத்துப்போனார்கள். ஆய்வகத்தில் பரிசோதித்ததில், எண்ணெய் சட்டியைவிடப் பழமையானது என்று தெரியவந்தது. சதாசிவன் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு பேப்பரில் போட்டோ வந்தது. அடுத்த நாள் கடைக்குப் போன சுவாமிதாஸை அவன் கும்பிடவில்லை, இடுப்பு வளைத்தான்.

“எலே சுவாமிதாசே, நான் இனி சதாசிவன் இல்ல கேட்டியா. ஸா தா ஷீ வான். எங்க பாட்டன்மாரு பட்டு யாவாரிங்க ஆக்கும்.”

“உனக்க பாட்டன் பொழியூர்ல கட்டுமரத்துக்குக் கயிறு திரிச்சவன்லா?”

“பட்டுக்கயிறு,” என்றான் சதாசிவன், கண் இமைக்காமல். “நீ சுவா மீ. பொறத்த இருக்கிய தாசு, மிஷன்காரங்க சேர்த்தது.”

“கொள்ளாம். சாயா எடு.”

“சாயா சீனாச் சொல்லாக்கும். அறியாமோ?”

அது மட்டும் உண்மையாக இருந்துவிட்டதுதான் அந்த ஊரின் துரதிர்ஷ்டம். அதற்குமேல் அவனைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்ததாகக் கிழங்குக்கு வந்தார்கள். மரச்சீனி கண்முன்னால் நிற்கிறவரை ஊர்ப்பெயருக்கு வேறு விளக்கம் சொல்ல விஷமிகளுக்கு இடமிருக்கும் என்று டாக்டர் உண்ணி ஒரு உத்தரவு போட்டார். பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் மரச்சீனி நடுவது, வைத்திருப்பது, பகிரங்கமாக அவிப்பது எல்லாம் விலக்கப்பட்டன. சுவாமிதாஸ் தன் கையாலே மண் அணைத்த மூடுகளைத் தன் கையாலே பிடுங்கினார். முற்றாத கிழங்குகள், பிள்ளை விரல் மாதிரி. ஜனங்கள் எல்லை தாண்டிக் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்க் கிழங்கு வாங்கி, கோழித் தீவனச் சாக்குக்குள் மறைத்துக் கொண்டுவந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு அவித்தார்கள். மத்தி மீன் குழம்பை மட்டும் மறைக்க முடியவில்லை. எந்த வீட்டில் மத்தி மணக்கிறதோ அந்த வீட்டில் கிழங்கும் இருக்கும் என்று ஆணையத்தின் பறக்கும் படை கண்டுபிடித்துவிட்டது.

ஊர் முகப்பில் சிவப்பு வளைவு எழும்பியது. அதன் மேல் டிராகன் வைக்கிற வேலையைக் கட்சி மாநாட்டுக்கும் திருவிழாவுக்கும் யானை செய்துகொடுக்கிற கலைஞரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் கைக்கு யானை ஒன்றுதான் பழக்கம். டிராகனுக்குத் தும்பிக்கை வந்துவிட்டது. இது தென்முனைச் சீனர்களுக்கே உரிய தனித்த டிராகன் என்று டாக்டர் உண்ணி ஒரு கட்டுரை எழுதி, தும்பிக்கையைக் காப்பாற்றினார். முதியவர்களுக்குப் பட்டுச்சட்டையும் கறுப்புத் துணிச்செருப்பும் வந்தன. செருப்பெல்லாம் ஒரே அளவு. சுவாமிதாஸின் இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி வளைந்து கிடக்கும். பட்டாளத்தில் பூட்ஸையே குடைந்துதான் போட்டுக்கொண்டார். துணிச்செருப்பு அந்த விரலைக் கடித்துத் தின்றது. பொறுத்துக்கொண்டார்.

எல்லாம் கூடி வந்தும் ஒரு குறை நின்றது. முதியவர்களில் ஒருவருக்கும் சீனா ஞாபகம் இல்லை. நினைவு இல்லாத இடத்தில் நினைவைப் பாதுகாப்பது எப்படி என்று ஆணையம் கூடிக் கூடி யோசித்து, முதலில் நினைவை விநியோகிப்பது, பிறகு அதைச் சேகரிப்பது என்று முடிவெடுத்தது. ரேஷன் கடைபோல ஆளுக்கொரு நினைவு வந்தது. சதாசிவன் மாலுமியாகக் கேட்டான். அவனுக்குக் கப்பல் சமையற்காரனின் நினைவுதான் கிடைத்தது, ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். ரத்னபாய்க்குக் கைக்குழந்தையோடு கப்பலில் வந்த தாயின் நினைவு.

லிஜி தினமும் மத்தியானம் வந்து அதை வாசித்துக் காட்டினாள். காலையில் குடித்த கஞ்சியை மறக்கிற ரத்னபாய் இதை மட்டும் ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக்கொண்டாள்.

“வேண்டாம் மக்கா,” என்றார் சுவாமிதாஸ். “உள்ளதே ஒழுகிப் போயிட்டிருக்கு. நீ வேற ஒண்ண ஊத்தாத.”

“எடம் காலியாக் கெடக்கே அங்கிள்,” என்றாள் லிஜி. சொன்னபிறகு அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “நான் கான்ட்ராக்ட் ஸ்டாப் ஆக்கும். ஒரு ஆளு சொல்லாம விட்டாலும் எனக்க வேல போவும்.”

சுவாமிதாஸ் லிஜியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஒத்துழைப்பு போகும். ஒத்துழைப்பு போனால் பென்டிரைவ் போகும். அதற்குள் மேபல் இருக்கிறாள். அவர் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கல்கத்தாவிலிருந்து மிஸஸ் லியாங் என்ற அம்மாள் வந்தாள். மெலிந்த உருவம், நரைத்த கிராப்பு, முழங்கால் வலிக்கு ஒரு கம்பு. அவள் கல்கத்தாவின் பழைய சீனத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவள், நிஜமான சீன வம்சம். ஆணையத்தில் ஒருவருக்கும் அவளோடு பேச நேரமில்லாததால், இந்தி தெரிந்த சுவாமிதாஸை மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

சதாசிவன் அவளைக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், வாழையிலையால் மூடிய ஒரு தட்டை நீட்டினான். விலக்கப்பட்ட பொருள், ஆவி பறந்தது. “கேட்டுப் பாரு சுவா மீ, இது போலத்த கெழங்கு அங்க உண்டுமான்னு.”

சுவாமிதாஸ் சீனி என்றால் என்ன என்று அவளுக்கு இந்தியில் விளக்கினார். மிஸஸ் லியாங் கிழங்கைப் பார்த்தாள், வளைவின் மேலிருந்த தும்பிக்கையைப் பார்த்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்தும் கண்ணீர் மட்டும் நின்றபாடில்லை.

“எங்கள் தெருவில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்,” என்றாள். “இந்த ஆணையம் கல்கத்தாவில் ஒரு கூட்டம் போட்டது. நான் போய், என் அம்மா சொன்னது, அக்கம்பக்கத்தார் சொன்னது எல்லாம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். எங்கள் தெருவுக்கு வாருங்கள் என்றேன். வரமுடியாது, ஆனால் இதை எங்காவது பயன்படுத்திக்கொள்கிறோம் என்றார்கள்.”

ஏன் வரமுடியாது என்ற சந்தேகத்தை டாக்டர் உண்ணி மேடையில் தீர்த்துவைத்தார்.

“சிலர் கேட்கிறார்கள், கல்கத்தாவில் செய்யக்கூடாதா என்று. கல்கத்தாவில் சீனர்கள் இருக்கிறார்கள், தெரு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. எல்லாம் இருக்கிற இடத்தில் ஆணையத்துக்கு என்ன சாதனை? மழை பெய்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றவா நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்? ஒன்றுமே இல்லாத இந்த மண்ணில் வந்து பாருங்கள்! இங்கே இருக்கும் ஒவ்வொரு நினைவும் எங்கள் உழைப்பு!” கைதட்டல் ஓய அவர் காத்திருந்தார். “முதியவர்கள் அழியக்கூடியவர்கள். மறதிக்காரர்கள். ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டார்கள். அவர்களை நம்பி நினைவுகளை விட்டுவைக்க முடியாது என்பதே இந்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை.”

சுவாமிதாஸ் மொழிபெயர்த்தார். மிஸஸ் லியாங், “சரியாகத்தான் சொல்கிறீர்களா?” என்று இரண்டுதரம் கேட்டாள்.

பிறகு பென்டிரைவ் வழங்கினார்கள். பொன்னாடை, தாம்பாளம், தாம்பாளத்தின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய பென்டிரைவ். சுவாமிதாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தாம்பாளம் ஏந்தி நின்ற லிஜியிடம் குனிந்தார்.

“மேபலு இதுல உண்டுதானே மக்கா?”

லிஜி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மெமரி கார்டுல எடம் போராம வந்துது அங்கிள். சார் சொன்னாரு. கப்பல் கதைய அதுக்க மேலயே எடுத்தாச்சு.”

“மேலன்னா?”

“அது அழிஞ்சு போச்சு.”

சுவாமிதாஸ் வந்து மிஸஸ் லியாங்கின் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையில் ரத்னபாயை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பட்டுச்சட்டை, தலையில் காகிதப் பூ. அவள் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படாமல் பேச ஆரம்பித்தாள். அவர் கேட்டுக் கேட்டு இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார்; அது அவருக்கு இட்ட வேலை.

“கப்பல்ல ஆளுக்கு ஒரு பாய் அகலந்தான் எடம். பிள்ளைய பிரம்புக் கூடையில கெடத்தி, கூடைய கயித்துல கெட்டித் தொங்கவிட்டேன். கப்பலு ஆடும்போ கூடையும் தானா ஆடும். கரையில எறங்கினோம். ஆட்டம் நின்னுபோச்சு. பிள்ளைக்கு ஒறக்கமே இல்ல, கெடந்து அழுதா. பின்ன நான் தெருவுல நின்னு கூடைய ஆட்டினேன், கையி மரத்துப் போறது வர.”

மிஸஸ் லியாங்கின் விரல்கள் சுவாமிதாஸின் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.

“இது என் அம்மா,” என்றாள் இந்தியில். “இது என் அம்மா சொன்னது. கூடையில் இருந்தது என் அக்கா. நான் கல்கத்தாவில் அவர்களிடம் சொன்னது.”

மேடையில் ரத்னபாய் பேச்சை நிறுத்தவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது, பக்கத்தில் யாரோ உறங்குவதுபோல.

“எனக்க பிள்ளைக்கு எடது காலுல சுண்டுவெரலு பாத்துக்கிடுங்க, அடுத்த வெரலுக்க மேல ஏறி வளைஞ்சு கெடக்கும். நான் அத பிடிச்சு நேராக்கி நேராக்கி விடுவேன். அவ சிரிச்சுக்கிட்டே திரும்பியும் வளைச்சுக்கிடுவா.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். பப்பாளி மரத்தடியில் நின்று கேட்ட அதே சிரிப்பு.

சுவாமிதாஸ் அதை மொழிபெயர்க்க இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவைதான் முழுசாகச் சொல்ல முடிந்தது. மிஸஸ் லியாங் நெற்றியைச் சுருக்கினாள்.

“இல்லை. இது எங்களுடையது இல்லை. அக்கா கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது அவள் கால் நகமெல்லாம் நான்தான் வெட்டினேன். அவள் விரல்கள் நேராகத்தான் இருந்தன.”

முன்வரிசையில் டாக்டர் உண்ணி லிஜியின் பக்கம் சாய்ந்தார். “அந்த விரல் ஸ்கிரிப்டில் இல்லையே. வெட்டிவிடு.”

“செரி சார்,” என்றாள் லிஜி.

கைதட்டல் எழும்பியது. சதாசிவன் எழுந்து இடுப்பு வளைத்தான். டிராகனின் தும்பிக்கையிலிருந்து, முன்பே ஏற்பாடு செய்திருந்தபடி, காகிதப் பூக்கள் கொட்டின.

சுவாமிதாஸ் குனிந்து இடது செருப்பைக் கழற்றினார். காலை வெளியே எடுத்துவைத்து, வேறொருவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விரல் சிவந்து வீங்கி, எப்போதும்போல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது. அதைப் பிடித்து மெல்ல நேராக்கினார். விட்டதும் அது திரும்ப வளைந்துகொண்டது. இன்னொரு தடவை நேராக்கினார்.

மேடையிலிருந்து இறங்கிவந்த ரத்னபாய் அவர் முன்னால் நின்றாள். ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற அந்த ஆளை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவளுக்கு.

“மீட்டர் பாத்தாச்சா?” என்று கேட்டாள்.

“பாத்தாச்சு,” என்றார் சுவாமிதாஸ்.